சி.டி.இ. ஆட்களைத் தரவு ஆளுகையில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மாநிலக் கல்வித் துறைகளைச் சுற்றித் தரவு வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர். காண்ட்ராக்டில் வந்த டெவலப்பர்கள், பள்ளி டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் அறிக்கை தயாரிப்பவர்கள், பள்ளியில் பாடம் நடத்துபவர்கள், அப்புறம் பெற்றோர். தொழில்கல்வியை நடத்துபவர்களையும் அதன் தரவு பற்றிய முடிவுகளில் சேர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு மூன்றைத் தாண்டிப் போகலாம்.

சி.டி.இ.ன்னா நம்ம ஊர் ஐ.டி.ஐ. மாதிரியா?

முழுக்க இல்லை. ஐ.டி.ஐ. எட்டாவதோ பத்தாவதோ முடித்துவிட்டுப் போய்ச் சேரும் தனி நிறுவனம். இங்கே கரியர் அண்ட் டெக்னிக்கல் எஜுகேஷன், சுருக்கமாக சி.டி.இ., பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு சேர்ந்தே நடக்கிறது. காலையில் அல்ஜீப்ரா படிக்கும் பிள்ளை மதியம் வெல்டிங் பட்டறைக்கோ நர்சிங் உதவியாளர் வகுப்புக்கோ போகும். கடைசியில் கிடைப்பது மற்ற எல்லாருக்கும் கிடைக்கும், பள்ளி முடித்ததற்கான அதே டிப்ளமோ. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கும் தொழிற்கல்விப் பிரிவுதான் இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். பள்ளிக்குப் பிறகு கம்யூனிட்டி கல்லூரிகளிலும் சி.டி.இ. உண்டு.

இதற்கான மத்திய நிதி பெர்கின்ஸ் சட்டத்தின் வழியாக வருகிறது. கென்டக்கி மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போன கார்ல் பெர்கின்ஸின் பெயரை 1984-இல் இந்தச் சட்டத்துக்கு வைத்தார்கள். 2018 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஐந்தாவது வடிவம் இப்போது நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர். பணம் வாங்கும் மாநிலம் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தரவு ஆளுகைன்னா டேட்டாபேஸைப் பாத்துக்கறதுதானே? அதை ஐ.டி. டீம் செய்யாதா?

சர்வரை ஓட வைப்பது ஐ.டி. வேலை. தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்புக்கு என்ன பொருள், அதை யார் எப்போது நிரப்புவது, யார் பார்க்கலாம், தப்பாக இருந்தால் யார் திருத்துவது, வெளியாருக்குக் கொடுக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்து எழுதி வைப்பது தரவு ஆளுகை. மாநிலங்களில் இதற்கு வழக்கமாக மேலே ஒரு கொள்கைக் குழுவும், நடுவில் ஒவ்வொரு பிரிவின் தரவுப் பொறுப்பாளரும் உட்காரும் கமிட்டியும், கீழே குறிப்பிட்ட சிக்கலுக்கென்று கூடிக் கலையும் பணிக்குழுக்களும் இருக்கும். தரவுப் பொறுப்பாளரை அந்தக் காலத்து ஊர்க் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் அவருடையது இல்லை; ஆனால் எந்த சர்வே எண் எங்கே முடிகிறது என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் தரவு அமைப்புகளைக் கட்ட (எஸ்.எல்.டி.எஸ். என்பார்கள்) மத்திய அரசு 2005-இல் மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அப்போது எல்லாருடைய கண்ணும் தேர்வு மதிப்பெண், வருகை, பட்டம் பெறுவோர் விகிதம் ஆகியவற்றின் மேல்தான். பல இடங்களில் சி.டி.இ. அதில் பிறகு கொண்டுவந்து ஒட்டப்பட்டது. ஒட்டிய இடம் இன்றைக்கும் தெரிகிறது.

சி.டி.இ. ஊழியர்னா யாரு? வாத்தியார்களையா கூப்பிடச் சொல்றீங்க?

வாத்தியார்களும் உண்டு, அவர்கள் மட்டும் இல்லை. மாநில சி.டி.இ. இயக்குநர், பெர்கின்ஸ் அறிக்கையைத் தயாரிப்பவர், டிஸ்ட்ரிக்ட் ஒருங்கிணைப்பாளர், கம்யூனிட்டி கல்லூரியில் பெர்கின்ஸ் பார்ப்பவர், பிள்ளைகளுக்கு அட்டவணை போடும் பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) எல்லாரும் இதில் வருவார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் கூப்பிட வேண்டியவர், பல பள்ளிகளின் பிள்ளைகள் சி.டி.இ. படிக்க வரும் தொழில்நுட்ப மையத்தின் அலுவலகத்தில் பதிவேடு பார்ப்பவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் எந்தப் பிள்ளை எந்த வாரம் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, எந்தத் தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஏற்கெனவே ஒரு கமிட்டி இருக்கு, நல்லா படிச்சவங்க இருக்காங்க. இவங்க வந்து புதுசா என்ன சொல்லப்போறாங்க?

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: கான்சென்ட்ரேட்டர். பெர்கின்ஸ் கணக்குகள் எல்லாவற்றுக்கும் வகுக்கும் எண் இந்தக் கான்சென்ட்ரேட்டர்களின் எண்ணிக்கைதான். முந்தைய சட்டத்தின்போது மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வரையறை இருந்தது. 2018 சட்டம் ஒன்றாக்கியது: உயர்நிலைப் பள்ளியில் ஒரே சி.டி.இ. திட்டத்தில் குறைந்தது 2 பாடங்களை முடித்தவர். கல்லூரியில் அத்தகைய திட்டத்தில் குறைந்தது 12 கிரெடிட் பெற்றவர், அல்லது திட்டமே 12 கிரெடிட்டுக்குக் குறைவென்றால் அதை முடித்தவர். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது.

பட்டறைக்குள் போனால் அந்தத் தெளிவு காணாமல் போகும். அரையாண்டுப் பாடமும் முழு ஆண்டுப் பாடமும் ஒன்றா? தொடர்ந்து இரண்டு பீரியட் ஓடும் பாடத்தை ஒன்று என்பதா, இரண்டு என்பதா? முடித்தவர் என்றால் தேறியவரா, ஆண்டு முழுக்க உட்கார்ந்தவரா? அறிமுகப் பாடம் ஒன்றையே வேளாண் இயந்திரவியலும் வெல்டிங்கும் பகிர்ந்துகொள்கின்றன. அறிமுகத்தையும் வெல்டிங் முதல் பாடத்தையும் படித்த பையன் எந்தத் திட்டத்தில் சேருவான்? கமிட்டியில் இதைச் சொல்ல ஆள் இல்லை என்றால் யாரோ ஒரு டெவலப்பர் கிடைத்ததை வைத்து ஊகித்து, தரவைக் கணக்கிடும் எஸ்.க்யூ.எல். நிரலை எழுதிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, கேட்க ஆள் இல்லை. மூன்று ஆண்டு கழித்து அந்த ஊகம்தான் மாநிலத்தின் அதிகாரபூர்வ வரையறையாக நிற்கும். வரையறை உறையும் முன்பே சி.டி.இ. ஆள் மேசையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். உறைந்த பிறகு கூப்பிட்டால் அவரால் புகார் மட்டுமே சொல்ல முடியும்.

எங்க மாநிலத்துல சி.டி.இ. வேற டிபார்ட்மென்ட். கல்வித் துறைக் கமிட்டிக்கு அவங்களை எப்படிக் கூப்பிடறது?

இது பரவலான சிக்கல். வாஷிங்டன் மாநிலத்தில் பெர்கின்ஸ் பொறுப்பு தொழிலாளர் பயிற்சிக்கான ஒருங்கிணைப்பு வாரியத்திடம். மின்னசோட்டாவில் அரசுக் கல்லூரி அமைப்பிடம். ஓக்லஹோமாவில் சி.டி.இ.க்கென்றே தனித் துறை. கொலராடோவில் கம்யூனிட்டி கல்லூரி அமைப்பு. கட்டடம் வேறு, தலைவர் வேறு, சில நேரம் மாணவர் எண்ணே வேறு.

விருந்தினராக அழைப்பது போதாது. கமிட்டியின் சாசனத்திலேயே அந்தத் துறைக்கு ஓர் இருக்கையும் வாக்கும் இருக்க வேண்டும். ஆள் மாறினாலும் இருக்கை மாறாது. அதோடு இரண்டு துறைகளுக்கும் இடையே தரவுப் பகிர்வு ஒப்பந்தம் வேண்டும். அதைப் பற்றி, மாணவர் பதிவுகளின் தனியுரிமைச் சட்டமான ஃபெர்பா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கூப்பிட்டாச்சு. வரமாட்டேங்கறாங்க. வந்தாலும் வாயே திறக்கறதில்ல.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வைத்தால், பிள்ளைகள் கையில் வெல்டிங் டார்ச் பிடித்திருக்கும் நேரத்தில் ஆசிரியர் ஜூமில் வர முடியாது. மாற்று ஆசிரியருக்குப் பணம் ஒதுக்குங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். சி.டி.இ. ஆசிரியர்கள் பலர் தொழிலில் இருந்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள். பத்துப் பதினைந்து ஆண்டு மெக்கானிக்காக இருந்தவரை உட்காரவைத்து மெட்டாடேட்டா, ஸ்கீமா என்று பேசினால் அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

கேள்வியை அவருடைய ஊருக்கு இறக்குங்கள். “இந்த வரையறையை ஏற்கிறீர்களா” என்று கேட்டால் ஆமாம் என்பார். “உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை ஜனவரியில் திட்டம் மாறினால் பதிவேட்டில் என்ன செய்வீர்கள்” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். வரைவை ஒரு வாரம் முன்னால், ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். அவர் சொல்லி எது மாறியது என்பதை அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகக் காட்டுங்கள். அவருடைய பணி விவரத்தில் இந்த வேலையும் நேரமும் எழுதப்பட வேண்டும். “கூடுதலாகக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தலையில் கட்டியது எதுவும் நீடித்து நான் பார்த்ததில்லை.

ஒரே பையன் காலையில ஒரு ஸ்கூல், மதியம் டெக் சென்டர். அவன் யார் கணக்கு?

ஒஹையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து ஒரு தொழில்நுட்ப மையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பையனின் பட்டம், தேர்வு, வருகை எல்லாம் தாய்ப் பள்ளியில், சி.டி.இ. பாடம், சான்றிதழ், பணியிடக் கற்றல் மையத்தில். இரண்டு பக்கமும் பதிந்தால் இரட்டைக் கணக்கு. மற்றவர் பதிவார் என்று இருவரும் விட்டால் பையனே இல்லை. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. இரட்டைப் பதிவைப் பிடிக்க மென்பொருளில் சோதனை வைக்கலாம், இல்லாத பதிவை எந்தச் சோதனையும் பிடிக்காது.

தீர்வு “யார் கணக்கு” என்ற கேள்வியையே உடைப்பது. பொறுப்புள்ள பள்ளி எது, பாடம் நடத்திய இடம் எது என்று பதிவில் இரண்டு தனிப் புலங்கள் (நெடுவரிசைகள்) வேண்டும். ஒவ்வொரு தரவுத் துணுக்குக்கும் பதிவது யார் என்ற பட்டியலைத் தாய்ப் பள்ளியும் மையமும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். இங்கேதான் மூன்றாம் கேள்வியில் சொன்ன பதிவேட்டுக்காரர் தங்கம். (ஒஹையோவின் பள்ளித் தரவு அமைப்புக்கும் இ.எம்.ஐ.எஸ். என்றுதான் பெயர். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.)

சர்டிஃபிகேட் வாங்கினாங்கன்னு எண்ணிக்கை போடறாங்களே, அது எங்கேருந்து வருது? நம்பலாமா?

திட்டத்தின் தரத்தைக் காட்ட மாநிலம் குறைந்தது ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது சட்டம்: அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், பள்ளியிலேயே பெற்ற கல்லூரி கிரெடிட், பணியிடக் கற்றல். இதற்கு மேல் தானாக ஒன்றையும் சேர்க்கலாம். இவற்றில் சான்றிதழைப் போலச் சிக்கலானது வேறில்லை. வெல்டிங்குக்கு அமெரிக்க வெல்டிங் சங்கம், கார் பழுதுக்கு ஏ.எஸ்.இ., கணினிக்கு காம்ப்டியா, சமையலறைக்கு செர்வ்சேஃப் என்று கொடுப்பவர்கள் எல்லாரும் தனித்தனி அமைப்புகள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் தேசியப் பதிவேடு கிடையாது. பல இடங்களில் ஆசிரியர் கையால் பதிவதுதான் ஒரே ஆதாரம்.

இன்னொரு சிக்கல் காலண்டர். தேர்வு மே மாதக் கடைசியில் நடந்து முடிவு ஜூன், ஜூலையில் வரும். மாநிலத்தின் ஆண்டிறுதிச் சேகரிப்பு அதற்குள் மூடப்பட்டிருந்தால் ஒரு வகுப்பின் உழைப்பு முழுவதும் கணக்கில் விழாது. சி.டி.இ. ஆள் ஒருவர் கூட்டத்தில் “ஆகஸ்டில் ஒரு திருத்தச் சாளரம் திறங்கள்” என்று சொன்னால் தீரும் விஷயம். நம்பலாமா என்றால், சான்றிதழின் நகல் அல்லது தேர்வு நிறுவனத்தின் கோப்பு ஆதாரமாக இருக்கும் எண்ணை நம்பலாம். வெறும் ‘ஆம்’ டிக்கை நம்ப நான் தயங்குவேன்.

படிச்சு முடிச்சு வேலைக்குப் போனாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறாங்க? எஸ்.எஸ்.என். கேட்டு வாங்கிடலாமே?

பள்ளியை விட்ட பிறகு வரும் இரண்டாம் காலாண்டில் அவர் மேற்படிப்பிலோ உயர்பயிற்சியிலோ ராணுவத்திலோ சேவைத் திட்டத்திலோ வேலையிலோ இருந்தாரா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. மே மாதம் பட்டம் வாங்கியவருக்கு அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கல்லூரியில் சேர்ந்தாரா என்பதை கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களைத் திரட்டும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகத் தெரிந்துகொள்ளலாம். வேலைக்கு, முதலாளிகள் காலாண்டுதோறும் வேலையின்மைக் காப்பீட்டுக்காக மாநிலத்திடம் தரும் சம்பளப் பதிவைப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவு எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து ஓடுகிறது. பள்ளித் தரவில் பெரும்பாலும் அது இருக்காது. 1974 தனியுரிமைச் சட்டப்படி, பழைய சில விதிவிலக்குகள் போக, எஸ்.எஸ்.என். தர மறுத்தார் என்பதற்காக அரசு அமைப்பு எந்த உரிமையையும் மறுக்க முடியாது. ஆக, விளக்கம் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. பெயர், பிறந்த தேதியை வைத்துப் பொருத்தும்போது சிலர் விட்டுப்போவார்கள். நம்மவர்களின் இனிஷியலும் ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்படுவதும் அங்கே என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்பளப் பதிவில் யார் இருக்கமாட்டார்கள் என்பது சி.டி.இ. ஆட்களுக்குத்தான் தெரியும். அழகுக்கலை படித்தவர் சலூனில் நாற்காலியை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்வார். சுயதொழில், பதிவில் வராது. ராணுவத்தில் சேர்ந்தவர் வரமாட்டார். வடக்குக் கென்டக்கிப் பையன் ஆற்றைக் கடந்து சின்சினாட்டியில் வேலை பார்த்தால் அவன் பதிவு ஒஹையோவில் இருக்கும். தொழிற்சங்கப் பயிற்சியில் சேர்ந்தவருக்குச் சம்பளப் பதிவு இருக்கலாம்; ஆனால் அவர் பயிற்சியில் இருக்கிறார் என்ற விவரம் தொழிலாளர் துறையின் பதிவேட்டில் இருக்கும், கிளியரிங்ஹவுசில் தேடிப் பயனில்லை. இவர்களையெல்லாம் ‘வேலையில்லை’ என்று எழுதுவதா, ‘தெரியவில்லை’ என்று எழுதுவதா? இந்த ஒரு முடிவிலேயே ஒரு நல்ல அழகுக்கலைத் திட்டம் தோற்றுப்போனதாகத் தெரியலாம்.

ஃபெர்பா இருக்கே. சி.டி.இ. ஆளுங்க முன்னாடி மாணவர் தரவை விரிச்சு வைக்கலாமா?

முதலில், விரித்து வைக்கவே வேண்டியதில்லை. வரையறை பற்றிய கூட்டத்துக்குக் கற்பனை மாணவர்கள் ஐந்து பேரின் வரிகள் போதும். தரவு ஆளுகைக் கூட்டம் என்றாலே உண்மையான பெயர்கள் திரையில் ஓடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடினால் அந்தக் கூட்டத்தில் ஏதோ சரியில்லை.

பள்ளிக்குள், கல்வி சார்ந்த நியாயமான தேவை உள்ள ஊழியர் தன் மாணவரின் பதிவைப் பார்க்க 1974-ஆம் ஆண்டுச் சட்டமான ஃபெர்பா இடம் தருகிறது. துறை விட்டுத் துறை போகும்போதுதான் கவனம். ஒரு கல்வித் திட்டத்தைத் தணிக்கை செய்யவோ மதிப்பிடவோ பதிவுகளைப் பகிரலாம் என்ற விதிவிலக்கைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துவார்கள். அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம்: யாருக்கு, என்ன விவரம், எதற்காக, வேலை முடிந்தபின் எப்போது அழிப்பது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளப் பதிவுகளுக்கு ஃபெர்பா அல்லாமல் தொழிலாளர் துறையின் தனி ரகசியக் காப்பு விதிகள் உண்டு. தனி ஆளின் சம்பளம் எந்த ஆசிரியர் கண்ணிலும் படத் தேவையில்லை, தொகுத்த எண் போதும்.

வெல்டிங்ல ரெண்டே ரெண்டு பொண்ணுங்க. அறிக்கையில எப்படிப் போடறது?

எந்தத் தொழிலில் ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக வேலை பார்க்கிறார்களோ, அது அவர்களுக்கு மரபு சாராத தொழில் என்று சட்டம் தனியே கணக்கெடுக்கச் சொல்கிறது. பாலினம், இனம், மாற்றுத்திறன், ஏழ்மை, ஒற்றைப் பெற்றோர், வீடற்றவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர், பெற்றோர் ராணுவப் பணியில் உள்ளவர் என்றெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டும். சின்ன சின்னத் திட்டங்கள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் இருவர்தான் மிஞ்சுவார்கள். வகுப்பில் 14 பேர், அதில் 2 பெண்கள் என்று வையுங்கள். பெண்கள் கட்டத்தை மறைத்துவிட்டு மொத்தம் 14, ஆண்கள் 12 என்று போட்டால் கழித்துப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஆகவே ஆண்கள் கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். அல்லது பல ஆண்டுகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இத்தனை பேருக்குக் கீழே மறை என்ற விதியை மென்பொருளே செய்துவிடும். ஆனால் அந்த ஊரில் ஒரே ஒரு வெல்டிங் வகுப்புதான், அதில் இருந்த இரண்டு பெண்களையும் எல்லாருக்கும் தெரியும், இருவரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. மறைப்பு விதியை முடிவு செய்யும்போது ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவங்க எண்ணை அவங்களே வரையறுத்தா, நல்லா தெரியற மாதிரி வளைச்சுக்க மாட்டாங்களா?

நியாயமான சந்தேகம். முதலில் ஒரு விஷயம்: பெர்கின்ஸ் பணம் நல்ல எண்ணுக்குக் கூடுதலாக வருவதில்லை. பள்ளி மாவட்டங்களுக்கு 30 சதவீதம் பள்ளி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி, 70 சதவீதம் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி. இலக்கில் 90 சதவீதத்தை எட்டாவிட்டால் முன்னேற்றத் திட்டம் எழுதித் தர வேண்டும்; அழுத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான். மாநில நிதி வேறு. ஃப்ளோரிடாவில் 2007-இல் வந்த கேப் சட்டம் மாணவர் வாங்கும் சான்றிதழுக்குப் பள்ளிக்குக் கூடுதல் நிதி தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வளைக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும்.

அதற்காக அவர்களை வெளியே நிறுத்தினால், வளைப்பது தெரியாமலேயே வளையும். பொருளை விளக்குபவர், பதிபவர், சரிபார்ப்பவர், வெளியிடுபவர் எல்லாரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வரையறையை ஆண்டு தொடங்கும் முன் பூட்டுங்கள். எண்கள் வந்த பிறகு தொடக் கூடாது. சான்றிதழ் பதிவுகளில் சிலவற்றை ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்படிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரியர் கிளஸ்டரையே மாத்திட்டாங்களே. பழைய டேட்டாவை என்ன பண்றது?

மாநில சி.டி.இ. இயக்குநர்களின் அமைப்பான அட்வான்ஸ் சி.டி.இ. 2024-இல், தொழில்களைக் குழுக்களாக வகுக்கும் 16 கிளஸ்டர்களை 14 ஆக மாற்றி அமைத்தது. பழைய ஆண்டுகளின் மேல் புதுப் பெயரை எழுதிவிடாதீர்கள். கிளஸ்டர் என்பது மேலே போட்ட போர்வைதான். அடியில் ஒவ்வொரு படிப்புக்கும் தேசிய அளவில் தந்த சி.ஐ.பி. குறியீடு இருக்கிறது: வெல்டிங் 48.0508, நர்சிங் உதவியாளர் 51.3902. அதைப் பாதுகாத்து, எந்த ஆண்டிலிருந்து எந்தக் கிளஸ்டர் என்ற தேதியோடு ஒரு பொருத்த அட்டவணை வைத்தால் போதும். அட்டவணையை சி.டி.இ. ஆள் வரிக்கு வரி பார்க்க வேண்டும். இரண்டாகப் பிரிந்த திட்டங்களை வெளியாள் பெயரை வைத்துப் பொருத்தினால் நிச்சயம் தப்பும்.

அவங்க ஒண்ணு சொல்றாங்க, ஐ.டி. ஒண்ணு சொல்றாங்க. யார் பேச்சு செல்லும்?

மத்தியச் சட்டத்தில் எழுதியிருப்பதில் யார் பேச்சும் செல்லாது. 2 பாடம் என்றால் 2 பாடம். சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில், பொருளைப் பற்றிய கடைசி வார்த்தை திட்டத்தை நடத்துபவருக்கு. செய்ய முடியுமா, எவ்வளவு காலம் ஆகும் என்பது ஐ.டி.க்கு, பணமோ சட்டச் சிக்கலோ வந்தால் மேல் குழுவுக்கு. இதைச் சண்டை வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு யார் குரல் பெரிதோ அதுதான் வரையறை. முடிவோடு காரணத்தையும் தரவு அகராதியில் எழுதுங்கள், அடுத்து வருபவர் அதே சண்டையை முதலிலிருந்து போட வேண்டாம்.

வாஷிங்டன்லயே ஆளைக் குறைச்சுட்டாங்க. இனிமே யாரு இதெல்லாம் கேக்கப்போறா?

2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறையில் பெரிய ஆட்குறைப்பு நடந்தது. தேசியக் கல்விப் புள்ளியியல் மையத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் மிஞ்சினார்கள். ஆனால் ஆண்டறிக்கை கேட்பது பெர்கின்ஸ் சட்டம். ஆட்குறைப்பு சட்டத்தை நீக்கவில்லை. முன்பு சந்தேகம் வந்தால் மேலே ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அந்த வழி குறுகினால் மாநிலமே யோசித்து முடிவெடுக்க வேண்டும். விஷயம் தெரிந்த ஆள் உள்ளூர் மேசையில் இருப்பது இப்போது இன்னும் அவசரம்.

நான் வெறும் காண்ட்ராக்ட் டெவலப்பர். டிக்கெட் வரும், முடிப்பேன். என்னால என்ன ஆகும்?

நிறைய ஆகும். நான்காம் கேள்வியில் வந்த ஊகம் உங்கள் கையில்தான் பிறக்கிறது. டிக்கெட்டில் ‘கம்ப்ளீட்டட்’ என்று மட்டும் எழுதியிருந்தால், தேறியவரா, உட்கார்ந்தவரா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரியாவிட்டால் அதையும் கேளுங்கள்; தரவுப் பொறுப்பாளர் இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கும். புதுப் புலம் சேர்க்கும்போது சி.இ.டி.எஸ். என்ற பொதுக் கல்வித் தரவுத் தரநிலையில் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள்.

வேலை வேகமாக முடிய வேண்டும் என்ற நெருக்கடி, விசா கவலை, கிளையன்டிடம் அதிகம் கேட்கக் கூடாது என்ற தயக்கம் எல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊகித்துத்தான் ஆக வேண்டும் என்றால், இன்னது ஊகம் என்று நிரலிலும் ரிலீஸ் குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.

என் பொண்ணு ஹெல்த் சயன்ஸ் புரோகிராம்ல இருக்கா. அவ பதிவுல தப்பிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?

கேட்டால்தான் தெரியும், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஃபெர்பாப்படி பெற்றோர் பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கக் கேட்கலாம். 45 நாளுக்குள் பள்ளி காட்ட வேண்டும். தப்பென்று தோன்றினால் திருத்தக் கோரலாம், மறுத்தால் விசாரணை கேட்கலாம். மதிப்பெண்ணை மாற்றிக் கேட்க இது வழியல்ல. தவறாகப் பதிந்ததைச் சரிசெய்யத்தான். எந்த சி.டி.இ. திட்டத்தில் பதிந்திருக்கிறது, எத்தனை பாடம் முடித்ததாக இருக்கிறது, சான்றிதழ் ஏறியிருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கவுன்சிலரோடு மையத்தின் அலுவலகத்தையும் கேளுங்கள், காரணம் ஏழாம் கேள்வியில் இருக்கிறது.

ஒரு நுணுக்கம். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், இந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும். 17 வயதிலேயே கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் ஒன்றைச் சேர்த்துப் படித்தால் அந்தக் கல்லூரிப் பதிவின் உரிமை அவளுடையது, பள்ளிப் பதிவின் உரிமை இன்னும் உங்களுடையது. அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.